மாடல் ரயில் எஞ்சின்: வாங்குவது, வைத்திருப்பது, விற்பது

மாடல் ரயில் எஞ்சின் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். இணையத்தில் ஒரு கறுப்பு நீராவி எஞ்சின் சல்லிசாகக் கண்ணில் படும், வாங்கிவிடுவார்கள். அடுத்து ஒரு பச்சை டீசல். பிறகு ஏலத்தில் ஒன்று. மூன்றையும் மேசையில் வைத்துப் பார்த்தால் ஒன்று விரல் நீளம் இருக்கும், இன்னொன்று முழங்கை நீளம், மூன்றாவது ஓட வேண்டுமானால் வேறு வகைத் தண்டவாளமே வேண்டும். ஒன்றும் ஒன்றோடு சேராது.

கீழே சொல்வதெல்லாம் ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வரும்: நாளைக்கு இதை என்னிடமிருந்து வாங்கப்போகிறவர் எதையெல்லாம் பார்ப்பார்? விற்கும் எண்ணமே இல்லாதவர்களும் இந்தக் கேள்வியோடு ஒரு எஞ்சினைக் கையில் எடுத்தால், தலையில் கட்டப்படுவது பெருமளவு குறையும்.

முதலில் அளவை முடிவு செய்யுங்கள்

நிஜ எஞ்சினை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பது ஸ்கேல். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம் கேஜ். விற்பவர்களே இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள், நீங்கள் குழம்பாதீர்கள்.

உலகில் அதிகம் புழங்குவது எச்ஓ (HO) என்கிற அளவு. அதன் ஸ்கேல் 1:87, தண்டவாள அகலம் 16.5 மி.மீ. பிரிட்டனில் அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓஓ என்கிற 1:76 அளவு ஓடுகிறது. பிரிட்டிஷ் ரயில்கள் மற்ற நாட்டு ரயில்களைவிடக் கொஞ்சம் ஒடுங்கியவை. அந்தக் காலத்து மோட்டார்கள் 1:87 உடலுக்குள் அடங்கவில்லை, அதனால் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு உடலை மட்டும் பெரிதாக்கினார்கள். ஆகவே ஓஓ எஞ்சினும் எச்ஓ எஞ்சினும் ஒரே பாதையில் ஓடும், பக்கத்தில் நிறுத்தினால் மட்டும் கண்ணை உறுத்தும்.

இடம் குறைவு என்றால் 'என்' அளவு. தண்டவாளம் 9 மி.மீ. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1:160, பிரிட்டனில் 1:148, ஜப்பானில் பெரும்பாலும் 1:150. ஜப்பானிலேயே ஷிங்கான்சென் மாடல்கள் மட்டும் 1:160. இன்னும் சிறியது, ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1972-இல் கொண்டுவந்த 'இசட்': 1:220, தண்டவாளம் 6.5 மி.மீ. இரண்டுக்கும் எச்ஓவுக்கும் நடுவில் 1:120 அளவில் டிடி இருக்கிறது. பிரிட்டனின் ஹார்ன்பி நிறுவனம் 2022-இல் இந்த அளவில் இறங்கிய பிறகு பிரிட்டிஷ் ரசிகர்களும் அதைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பெரிய பக்கம் போனால் 32 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் 'ஓ', தோட்டத்தில் ஓட்டுவதற்கென்று ஜெர்மனியின் எல்ஜிபி 1968-இல் தொடங்கிவைத்த 45 மி.மீ. தண்டவாள 'ஜி'.

கணக்காகப் பார்த்தால் புரியும். நிஜத்தில் 20 மீட்டர் நீளமுள்ள எஞ்சின் எச்ஓவில் 23 செ.மீ., 'என்' அளவில் 12.5 செ.மீ., 'இசட்' அளவில் 9 செ.மீ. சொச்சம். பழைய எஞ்சின், உதிரி பாகம், விற்கும்போது ஆள் கிடைப்பது ஆகிய மூன்றிலும் எச்ஓ, ஓஓ பக்கம்தான் கை ஓங்கியிருக்கிறது. புதிதாக வருபவருக்கு என் பரிந்துரை அதுதான். 'என்' அளவு அழகானது, மறுக்கவில்லை. ஆனால் பார்வை மங்கத் தொடங்கிய வயதில் அதன் மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் குட்டிக் கார்பன் பிரஷ்ஷைக் கழற்றி மாட்ட நேரும்போது அந்த அழகெல்லாம் மறந்துபோகும்.

எதைச் சேர்ப்பது என்று ஒரு வட்டம் போடுங்கள்

ஒரு ரயில்வே, ஒரு காலகட்டம், ஒரு எஞ்சின் வகை, ஒரு தயாரிப்பாளர். இதில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். ஐரோப்பியத் தயாரிப்பாளர்களின் அட்டவணைகளில் (கேட்டலாக்) ஒவ்வொரு மாடலுக்கும் காலகட்ட எண் போட்டிருப்பார்கள். மூன்றாம் காலம் என்றால் 1945 முதல் 1970 வரை, நான்காம் காலம் 1970 முதல் 1990 வரை. ஒரே காலத்தைச் சேர்ந்த எஞ்சினும் பெட்டிகளும் சேர்ந்து நின்றால் பார்ப்பதற்கும் பொருந்தும், ஒரே தொகுப்பாக விற்கவும் எளிது.

வட்டம் சின்னதாக இருந்தால் அறிவு சீக்கிரம் ஆழமாகும். உதாரணத்துக்கு, நீராவி வேக சாதனை படைத்த பிரிட்டனின் மல்லார்ட் எஞ்சினின் ஏ4 வகையை எடுத்துக்கொள்வோம். 1935 முதல் 1938 வரை 35 எஞ்சின்கள் கட்டினார்கள். ஆரம்பத்தில் சக்கரங்களைப் பாதி மறைத்தபடி பக்கவாட்டில் தகடு இருந்தது. உலகப் போர் சமயத்தில் பராமரிப்புக்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றிவிட்டார்கள். இது தெரிந்தவர் ஒரு ஏ4 மாடலைப் பார்த்ததும், மேலே எழுதியிருக்கும் எண்ணும் நிறமும் கீழே உள்ள தகடும் ஒரே காலத்தவையா என்று உடனே கவனிப்பார். யாரோ ஒருவர் வேறொரு எஞ்சினின் மேல்கூட்டை இதில் மாட்டியிருந்தால் அங்கேயே பிடிபடும். எல்லா நாட்டு எஞ்சினையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்க்கிறவருக்கு இந்தக் கண் வருவதற்கு நாளாகும்.

சுவிட்சர்லாந்தின் 'முதலை' என்று செல்லப்பெயர் பெற்ற நீள மூக்கு மின்சார எஞ்சினை மட்டும் சேர்ப்பவர்களும் உண்டு. மார்க்லின் அதன் எச்ஓ மாடலை 1947-இல் கொண்டுவந்தது, அதன் பிறகு வந்த வடிவங்களைத் தேடுவதற்கே ஓர் ஆயுள் பிடிக்கும்.

மின்சாரம் என்ன வகை

பெரும்பாலான எஞ்சின்கள் இரண்டு தண்டவாளத்திலும் 12 வோல்ட் டிசி (நேர் மின்சாரம்) பாய்ச்சி ஓடுபவை. மார்க்லினின் எச்ஓ மட்டும் தனிக் குடும்பம். தண்டவாளத்துக்கு நடுவில் வரிசையாகச் சிறு குமிழ்கள் இருக்கும், எஞ்சினின் வயிற்றில் உள்ள ஒரு நீளமான சறுக்குப் பட்டை அவற்றைத் தொட்டு மின்சாரம் எடுக்கும். அதன் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே மின்காப்பு கிடையாது, எனவே சாதாரண இரு தண்டவாளப் பாதையில் வைத்தால் நேராக ஷார்ட் சர்க்யூட்தான். படத்தில் சறுக்குப் பட்டை தெரிகிறதா என்று பார்க்காமல் மார்க்லின் எஞ்சின் வாங்காதீர்கள். 1938-இல் வந்த ஹார்ன்பி டப்ளோவும் 1959 வரை மூன்று தண்டவாளம்தான்.

அடுத்தது டிசிசி, அதாவது டிஜிட்டல் கட்டளையால் ஓட்டும் முறை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனத்தின் முறையை அடிப்படையாக வைத்து அமெரிக்க தேசிய மாடல் ரயில்ரோடு சங்கம் 1990களில் வகுத்த தரம் இது. தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டிகோடர் என்கிற சின்ன சர்க்யூட் போர்டு தன் முகவரிக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்டு நடக்கும். ஒரே பாதையில் பத்து எஞ்சினைத் தனித்தனியாக ஓட்டலாம்.

இங்கே புதியவர்கள் அதிகம் இடறும் இடம் 'டிசிசி ரெடி' என்கிற சொல். ரெடி என்றால் டிகோடர் உள்ளே இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதைச் செருக சாக்கெட் மட்டும் இருக்கிறது. டிகோடரோடு வந்தால் 'டிசிசி ஃபிட்டட்' என்று போட்டிருக்கும், ஒலியும் சேர்ந்தால் 'சவுண்ட்'. சாக்கெட்டிலும் 6 முள், 8 முள், 18 முள், 21 முள், 22 முள் என்று பல ரகம், ஒன்றுக்கு உரியது இன்னொன்றில் ஏறாது. டிகோடர் இல்லாத எஞ்சினைக் கொண்டுபோய் டிசிசி பாதையில் வைத்தால் நின்ற இடத்திலேயே மோட்டார் ரீங்கரித்துச் சூடேறும். சுழலியில் இரும்பு மையம் இல்லாத கோர்லெஸ் மோட்டார் என்றால் கருகியே போகும்.

வாங்கும் இடம்

புதியது வேண்டுமானால் முன்பதிவு செய்வது நல்லது. தயாரிப்பாளர்கள் இப்போது ஒரு முறைக்கு இவ்வளவு என்று அளந்துதான் தயாரிக்கிறார்கள், தீர்ந்துபோனால் அதே எண்ணோடு மறுபடி வருமா என்பது அவர்களுக்கே நிச்சயமில்லை. பழையதற்கு இணைய ஏலம், ஏல நிறுவனம், பழைய மாடல் வாங்கி விற்கும் வியாபாரி, ரயில் மாடல் கண்காட்சி, மன்ற உறுப்பினர்கள் என்று பல வழி. தொடக்கத்தில் கண்காட்சிதான் சிறந்தது. எஞ்சினைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், ஓட்டிக்காட்டச் சொல்லலாம், வாங்காமலும் வரலாம்.

கையில் எடுத்தால் எங்கே பார்ப்பது

அட்டைப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். பக்கத்து லேபிளில் தயாரிப்பு எண் இருக்கும், எஞ்சினின் ஓட்டுநர் அறைப் பக்கத்தில் வண்டி எண் இருக்கும். தயாரிப்பாளரின் பழைய அட்டவணையில் இரண்டும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா பாருங்கள். பெட்டி ஒன்று, எஞ்சின் வேறு என்பது சர்வ சாதாரணம். பல எஞ்சின்களோடு பிரேக் குழாய், கொக்கி மாதிரி நுண்பாகங்கள் ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் வரும். அந்த உறை பிரிக்காமலே இருந்தால் எஞ்சின் அதிகம் கைபடவில்லை என்று பொருள். உறையே இல்லை, எஞ்சினிலும் அந்த பாகங்கள் இல்லை என்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

அடுத்து உடல். கைப்பிடிக் கம்பி, முனையில் மோதலைத் தாங்கும் பஃபர், படி, விசில், புகைபோக்கி விளிம்பு ஆகியவைதான் முதலில் உடைபவை. ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தில் விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கலாம். சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி இருக்கும், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும். எண்ணின் ஓரத்தில் பெயின்ட் பளபளப்பு மட்டும் மாறியிருந்தால் எண்ணை மாற்றியிருக்கிறார்கள். கைவேலையாக அழுக்கும் துருவும் பூசிய எஞ்சின்கள் பார்க்க நிஜம் போலவே இருக்கும். ஓட்டுவதற்கு அருமை. ஆனால் சேகரிப்பாளரிடம் விற்கப்போனால் பெரும்பாலும் விலை இறங்கும், ஏனென்றால் அவருக்குத் தேவை ஆலையிலிருந்து வந்த நிலை.

இனி எஞ்சினைத் திருப்புங்கள். உண்மையெல்லாம் வயிற்றுப் பக்கம்தான் இருக்கிறது. திருகாணியின் தலை சிதைந்திருந்தால் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கறுப்பாக வளையம் கட்டியிருந்தால் வெறும் அழுக்கு, துடைத்தால் போய்விடும். வெள்ளி நிற மேற்பூச்சு தேய்ந்து உள்ளிருந்து பித்தளை மஞ்சளாக எட்டிப்பார்த்தால் அந்த எஞ்சின் நிறைய ஓடியிருக்கிறது, 'இரண்டு முறைதான் ஓட்டினேன்' என்று விற்பவர் வாய் கூசாமல் சொன்னாலும் சரி. சில சக்கரங்களில் வழுக்காமலிருக்க ரப்பர் வளையம் இருக்கும். அது இறுகித் தளர்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், செலவு சொற்பம்.

நீராவி எஞ்சினில் பக்கவாட்டுத் தண்டுகளைக் கவனமாகப் பாருங்கள். தண்டு சக்கரத்தோடு சேரும் இடம்தான் கிராங்க்; இடப்பக்கக் கிராங்கும் வலப்பக்கக் கிராங்கும் ஒன்றுக்கொன்று 90 டிகிரி விலகி நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முட்டி நின்றுவிடாமலிருக்க நிஜ எஞ்சினில் செய்யும் ஏற்பாடு, மாடலிலும் அப்படியே. ஒரு சக்கரம் அச்சில் சற்று நழுவினாலும் இந்தக் கோணம் கெட்டுவிடும். பிறகு எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை நொண்டும். பற்சக்கரத்தில் இன்னொரு கோளாறு உண்டு. உலோக அச்சில் அழுத்தி ஏற்றிய பிளாஸ்டிக் பற்சக்கரம் வருடக் கணக்கில் சுருங்கி வெடித்துவிடும். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கும், வண்டி நகராது, அல்லது டிக் டிக் என்று தட்டிக்கொண்டே நகரும். விரலால் ஒரு சக்கரத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தால் மற்ற சக்கரங்களை இழுக்காமல் அது மட்டும் சுழலும். உதிரி கிடைக்கிறதா என்று தெரியாமல் இந்த நிலையில் உள்ள எஞ்சினை வாங்க வேண்டாம்.

கடைசியாக ஓட்டிப் பாருங்கள். பாதை இல்லாவிட்டால், டிகோடர் இல்லாத டிசி எஞ்சினுக்கு ஒரு 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு வயரும் போதும். இடது சக்கரத்தில் ஒன்று, வலது சக்கரத்தில் ஒன்று. சில நீராவி எஞ்சின்கள் ஒரு பக்க மின்சாரத்தை எஞ்சினிலிருந்தும் மறுபக்க மின்சாரத்தைப் பின்னால் வரும் நிலக்கரி வண்டியான டெண்டரிலிருந்தும் எடுக்கும், அங்கே வயரை அதற்கேற்ப வைக்க வேண்டும். பாதை இருந்தால் வேகமாக ஓடுவதைப் பார்த்து மயங்காதீர்கள், எல்லா எஞ்சினும் வேகமாக ஓடும். ஊர்ந்து போகச் சொல்லுங்கள், இரண்டு திசையிலும். தயங்காமல், துள்ளாமல் ஊர்ந்தால் நல்ல எஞ்சின். ஐந்து நிமிடம் ஓடிய பிறகு மோந்து பாருங்கள். புதிதாக எண்ணெய் விட்ட வாடை பரவாயில்லை. கருகிய வார்னிஷ் வாடை என்றால் மோட்டார் சுருள் போய்க்கொண்டிருக்கிறது.

இணையத்தில் வாங்கினால் இதையே கேள்வியாகக் கேளுங்கள்: வயிற்றுப் பக்கப் படம், இரண்டு முனைகளின் படம், மெதுவாக ஓடும் வீடியோ. 'சோதித்துப் பார்க்க வசதியில்லை' என்று எழுதியிருந்தால் ஓடாது என்றே கணக்கு வையுங்கள். ஓடாத எஞ்சினுக்கு உரிய விலை என்றால் மட்டும் கை நீட்டலாம்.

உள்ளிருந்தே அரிக்கும் நோய்

பழைய எஞ்சின் வாங்குகிறவர்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது துத்தநாகச் சிதைவு. எஞ்சினுக்கு எடை வேண்டும் என்பதற்காக அடிச்சட்டத்தையும் சில சமயம் உடலையும் துத்தநாகக் கலவையில் வார்ப்பார்கள். சாமாக் என்றும் மசாக் என்றும் சொல்வார்கள். துத்தநாகத்தோடு அலுமினியம், மக்னீசியம், செம்பு சேர்ந்த கலவை அது. வார்க்கும்போது அதில் துளி ஈயம் கலந்துவிட்டாலும் போதும், உலோகப் படிகங்களுக்கு இடையே அரிப்பு ஊர ஆரம்பிக்கும். ஈரமும் சூடும் அதை வேகப்படுத்தும். உலோகம் உப்பும், வெடிக்கும், கடைசியில் கையோடு உதிரும்.

போருக்கு முந்தைய பொம்மை ரயில்களில்தான் இது வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அப்படியில்லை, 2000-க்குப் பிறகு வந்தவற்றிலும் சில தொகுதிகளில் வந்திருக்கிறது. கண்டுபிடிக்கும் விதம் எளிது. எஞ்சினைக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பக்கவாட்டில் ஒளி விட்டுப் பாருங்கள். எல்லாச் சக்கரமும் தட்டைத் தொடுகிறதா, அல்லது சட்டம் வாழைப்பழம் மாதிரி வளைந்து நடுச் சக்கரம் தூக்கிக்கொண்டிருக்கிறதா? சட்டத்தின் இரு முனைகள், திருகாணித் துளையைச் சுற்றிய இடம், மோட்டார் தாங்கி, இந்த மூன்று இடத்திலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் தேடுங்கள். உப்பிய சட்டம் மேல்கூட்டை உள்ளிருந்து நெம்பும், அதனால் பிளாஸ்டிக் உடலில் விளக்கமில்லாத விரிசல் தெரிந்தால் அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

இதற்கு மருந்து இல்லை. பெயின்ட் அடித்தாலும், பசை ஊற்றினாலும் நிற்காது. ஒரு நிம்மதி, தொற்றாது. பக்கத்தில் இருக்கும் எஞ்சினுக்குப் பரவும் என்பது கட்டுக்கதை, ஈயம் கலந்த வார்ப்புக்கு மட்டும்தான் அந்தத் தலையெழுத்து. மாற்றுச் சட்டம் கிடைக்கும் மாடல் என்றால் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு வாங்கலாம். கிடைக்காது என்றால் எவ்வளவு சல்லிசாக வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டிருங்கள்.

விலை

விற்பவர் கேட்கும் தொகை விலை ஆகாது, கடைசியாகக் கைமாறிய தொகைதான் விலை. ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. அதே தயாரிப்பு எண்ணைப் போட்டுத் தேடி, பெட்டியோடு விற்றவை, பெட்டி இல்லாதவை, டிகோடர் உள்ளவை என்று பிரித்துப் பாருங்கள். உச்சத்தில் போன ஒன்றையும் அடிமாட்டு விலைக்குப் போன ஒன்றையும் ஒதுக்கிவிட்டு நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உச்ச வரம்பை ஏலம் தொடங்கும் முன்பே தாளில் எழுதிவிடுங்கள், கடைசி நிமிடச் சூட்டில் யாருக்கும் கணக்கு வராது.

ஏல நிறுவனத்தில் சுத்தியல் விழுந்த தொகையோடு முடியாது. வாங்குபவரிடம் தனியாக ஒரு கட்டணம் வாங்குவார்கள், பல இடங்களில் அது ஐந்தில் ஒரு பங்கையும் தாண்டும். அதன் மேல் வரி, அனுப்பும் செலவு, வேறு நாட்டிலிருந்து வந்தால் சுங்கம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஏலம் கேட்கக் கையைத் தூக்குங்கள்.

அரிது என்பதாலேயே விலை வந்துவிடாது, தேடுகிற ஆள் இருக்க வேண்டும். எண் போட்ட சான்றிதழோடு வரும் 'லிமிடெட் எடிஷன்' எஞ்சின்களில் பாதிக்கு மேல் வெறும் வேறு நிறம், வேறு எண். அச்சு பழையதே. அதே எஞ்சினை இன்னொரு நிறுவனம் புது அச்சில், நுணுக்கமாகச் செய்து வெளியிட்டால் பழைய மாடலின் விலை அன்றே சரியத் தொடங்கும். ஜப்பானிலும் பிறகு தென் கொரியாவிலும் கையால் சாலிடர் செய்து சின்னத் தொகுதிகளாக வந்த பித்தளை எஞ்சின்களுக்கே இது நடந்தது: வேறு மாடலே இல்லாத வகைக்கு மதிப்பு நிற்கிறது, நல்ல பிளாஸ்டிக் மாடல் வந்துவிட்ட வகைக்கு இறங்குகிறது. அதனால் வாங்கும் முன் வரப்போகும் அறிவிப்புகளை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சிறு வயதில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து ஏங்கியதைத்தான் மனிதர்கள் கையில் காசு வந்த பிறகு தேடி வாங்குகிறார்கள். அந்தத் தலைமுறை கழிந்தால் தேவையும் கழிகிறது. தகர ரயில்களிலும் போருக்குப் பிந்தைய பொம்மை ரயில்களிலும் சாதாரண மாடல்கள் தேங்கிக் கிடப்பதற்கும், பெட்டியோடு பழுதில்லாமல் இருக்கும் உச்சத் தரப் பொருள்கள் மட்டும் தனியாக விலைபோவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். லாபம் பார்க்கலாம் என்று வருகிறவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது.

நிலையைச் சொல்ல ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1954-இல் தொடங்கிய ரயில் சேகரிப்பாளர் சங்கம் சி-1 முதல் சி-10 வரை தரம் வகுத்திருக்கிறது, சி-10 என்றால் துளி குறையில்லாதது. 'மின்ட்' (புத்தம் புதிது) என்ற சொல்லை மட்டும் விற்பவர்கள் உப்பு மாதிரி தூவுவார்கள். சொல்லை விட்டுவிட்டுப் படத்தை நம்புங்கள்.

வைத்துப் பாதுகாப்பது

பரணும் நிலவறையும் வேண்டாம். வெப்பமும் ஈரமும் ஏறி இறங்காத, மனிதர் புழங்கும் அறைதான் எஞ்சினுக்கும் நல்லது. வெயில் நேராகப் படும் அலமாரியில் வைத்தால் சிவப்புதான் முதலில் வெளுக்கும். பழைய பெட்டிகளுக்குள் உள்ள ஸ்பாஞ்ச் நாளாவட்டத்தில் பிசுபிசுத்து எஞ்சினின் பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும், பித்தளை எஞ்சின் பெட்டிகளில் இது மிக அதிகம். ஸ்பாஞ்சுக்கும் எஞ்சினுக்கும் நடுவே மெல்லிய பாலித்தீன் தாளோ அமிலமில்லாத டிஷ்யூ தாளோ போட்டுவையுங்கள். மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம், அதுவும் பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளும்.

சக்கரத்தைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் விழும் கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகப் படியும். பிளாஸ்டிக்கைத் தாக்காத எண்ணெயை ஊசி முனையில் தொட்டு வையுங்கள். கூடுதலாக விட்டால் அது மோட்டாருக்குள் போய் கார்பன் தூளோடு சேர்ந்து குழம்பாகிவிடும். அல்னிகோ என்கிற உலோகக் கலவைக் காந்தம் உள்ள பழைய மோட்டாரைப் பிரித்து சுழலியை வெளியே எடுக்காதீர்கள், எடுத்த மாத்திரத்தில் காந்தம் வலுவிழக்கும்.

வாங்கிய நாள், விலை, யாரிடம், தயாரிப்பு எண், வண்டி எண், டிகோடர் முகவரி, செய்த பழுது ஆகியவற்றை ஒரு அட்டவணையில் எழுதிவையுங்கள். காப்பீட்டுக்கும் உதவும், உங்களுக்குப் பிறகு வீட்டில் இருப்பவர்களுக்கும் உதவும்.

விற்கும்போது

மொத்தமாக விற்பதா, ஒவ்வொன்றாக விற்பதா என்பதுதான் முதல் முடிவு. வியாபாரியிடம் மொத்தமாகக் கொடுத்தால் சந்தை விலையில் பாதி வந்தாலே பெரிது. அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை: சோதிக்க வேண்டும், அடுக்கிவைக்க வேண்டும், விற்காததையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். ஒவ்வொன்றாக விற்றால் பணம் கூடும், பல மாத வேலை. நடுவழி ஒன்று இருக்கிறது. தேடப்படும் எஞ்சின்களைத் தனித்தனியாகவும், மிச்சத்தை ஒரே காலகட்டம் அல்லது ஒரே தயாரிப்பாளர் என்று சிறு தொகுப்புகளாகவும் விற்பது.

விற்கும் முன் தூசி தட்டுங்கள், சக்கரத்தைத் துடையுங்கள், அதோடு நிறுத்துங்கள். பெயின்ட் போன இடத்தில் தொட்டு வைக்காதீர்கள், பழைய தகர எஞ்சினைப் பளபளவென்று தேய்க்காதீர்கள். பழையதன் நிறம் போனால் திரும்ப வராது, வாங்க வருபவருக்கோ இன்னும் என்னென்ன செய்திருக்கிறாரோ என்ற சந்தேகம் வரும். தலைப்பில் தயாரிப்பாளர், தயாரிப்பு எண், அளவு, வண்டியின் வகையும் எண்ணும், டிசியா டிசிசியா என்பது கட்டாயம். 'அருமையான எஞ்சின்' என்று யாரும் தேடுவதில்லை. டிகோடர் இருந்தால் முகவரியை ஆலை வழக்கமான 3-க்கு மாற்றிவிட்டு அதையும் எழுதுங்கள். குறைகளை நீங்களே முதலில் படம் பிடித்துப் போடுங்கள். உடைந்த படியைக் காட்டியதால் குறையும் தொகையைவிட, காட்டாமல் விற்று எஞ்சின் திரும்பி வருவதில் போகும் தொகை அதிகம்.

குடும்பத்தில் ஒருவர் விட்டுப்போன சேகரிப்பு உங்கள் கைக்கு வந்திருந்தால், முதல் வாரம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். காலி அட்டைப் பெட்டி, கசங்கிய விளக்கத்தாள், பழைய ரசீது எல்லாமே எஞ்சினின் விலையில் பங்கு உள்ளவை. பழைய டிரான்ஸ்ஃபார்மரைச் சுவரில் செருகிப் பார்க்கவும் வேண்டாம், வயரின் உறை உள்ளேயே வெடித்திருக்கும்.

அனுப்புவது கடைசி வேலை, பாதிப் புகார்கள் பிறப்பதும் இங்கேதான். எஞ்சின் கனமானது. பெட்டிக்குள் கொஞ்சம் இடம் கிடைத்தாலும் தன் எடையாலேயே முன்னும் பின்னும் இடித்து பஃபரை முறித்துக்கொள்ளும். டெண்டரைக் கழற்றி வையுங்கள், கழற்ற முடியாத வகையென்றால் இரண்டுக்கும் நடுவே டிஷ்யூ தாள் செருகுங்கள். எஞ்சினை மெல்லிய தாளில் சுற்றி அதன் சொந்தப் பெட்டிக்குள் அசையாமல் உட்காரவையுங்கள். குமிழ் உறையை நேராகப் பெயின்ட்டின் மேல் சுற்றாதீர்கள், குமிழின் வட்டத் தடம் பதிந்துவிடும். சொந்தப் பெட்டியின் மேல் ஒட்டுநாடா படக் கூடாது, முதலில் காகிதம் சுற்றிக்கொள்ளுங்கள். அதை இன்னொரு கனமான அட்டைப் பெட்டிக்குள் வைத்து நாலாபக்கமும் சில அங்குலம் திணிப்பு வையுங்கள். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. ஒட்டுவதற்கு முன் வண்டி எண்ணும் வயிற்றுப் பக்கமும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நல்லதை வைத்துக்கொண்டு, ஓடாத தன் எஞ்சினைத் திருப்பி அனுப்புகிற ஆட்களும் இருக்கிறார்கள்.